வன்னியில் இருந்தபடி உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் சேர்ப்பது எப்படி

ஒரு மாரிகாலம். எங்கள் பக்கத்துக் குளமொன்று வான் பாய்ந்து, கீழே இருந்த காலபோக வயல்களுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். இருபது ஏக்கரில் மூன்று ஏக்கர் நெல் சாய்ந்து அழுகியிருந்தது. ‘டமேஜ்’ என்று எழுதக் கை வரவில்லை, அது ஐந்தாம் வகுப்புச் சொல்போல இருந்தது. அந்த நாட்களில் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பட்டியலில் இருந்து ‘அனையலேற்றட்’ என்ற சொல்லை எடுத்துப் போட்டேன். பட்டியலில் அதற்கு நேரே ‘அழிந்த’ என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் இருந்தது.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வாரும். இருபது ஏக்கரிலயும் ஒரு கதிர்கூட மிஞ்சேல்லையோ?”

“இல்லை மிஸ், மூண்டு ஏக்கர்தான்.”

“அப்ப ஏன் பூண்டோட அழிஞ்சு போச்செண்டு எழுதியிருக்கிறீர்? கொழும்பிலயிருந்து விடிய வெள்ளன எடுத்துக் கேக்கினம், எத்தினை குடும்பத்துக்குச் சாப்பாடு அனுப்பவேணுமெண்டு.”

அந்தச் சொல்லை எனக்கு விற்றது ஒரு வகுப்பு. முப்பது நாளில் ஆயிரம் சொல் என்று சொல்லி 15,000 ரூபாய் வாங்கினார்கள். ஆயிரத்தையும் ஒப்புவித்தேன். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது நூறு தேறவில்லை. தேறியவற்றையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன்.

இது சாதாரண தர ஆங்கிலப் பாடத்தை ஓரளவு வாசித்து விளங்கக்கூடியவர்களுக்கு. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டை நீங்களே அகராதியில் தேடிப் பிடியுங்கள். தேடிப் பிடித்த சொல் கெதியில் மறக்காது.

தொடங்க முன் வாங்க வேண்டியவை

வெள்ளை பிறிஸ்ரல் போட் இரண்டு தாள். மூன்று அங்குலம், இரண்டு அங்குலம் என்று வெட்டினால் ஒரு தாளில் ஏறத்தாழ நூறு சீட்டு வரும். ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் தடுப்பு வைக்க மட்டை, றப்பர் பாண்ட், ஒரு சி.ஆர். கொப்பி, இரண்டு நிறப் பேனை. எனக்கு இவ்வளவும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அகராதிக்குத் தனிச் செலவு, அதைப் பிறகு சொல்கிறேன். தொலைபேசியில் பெரிய டேற்றா தேவையில்லை. வாரத்தில் ஒருநாள் சிக்னல் நன்றாக விழுகிற இடத்தில் இருந்து தேவையானதை இறக்கிக்கொண்டால் போதும்.

நேரம்: ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். அதில் பாதியை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் எடுக்கலாம்.

1. முதலில் உங்கள் மட்டத்தைப் பாருங்கள்

போல் நேஷன், டேவிட் பெக்லர் என்ற இருவர் தயாரித்த ‘வொகாபியூலரி சைஸ் ரெஸ்ற்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 140 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. சரியான விடைகளின் எண்ணிக்கையை 100ஆல் பெருக்கினால் உங்களுக்குத் தெரிந்த சொற்குடும்பங்கள் வரும். அனலைஸ், அனாலிசிஸ், அனலிற்றிகல், அனலிஸ்ற் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றாகவே எண்ணப்படும். எனக்கு 43 சரி வந்தது, ஆக 4,300.

பொறி ஒன்று: தெரியாததற்கு எழுந்தமானமாகக் கோடு போடாதீர்கள். நான்கு விடையில் ஒன்று தானாகவே விழும், மட்டம் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

ஆங்கிலப் பத்திரிகையோ நாவலோ அகராதி இல்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 குடும்பம் தேவை என்பது நேஷனின் கணக்கு. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். பல்கலைக்கழகப் பாடத்துக்கும் அலுவலக அறிக்கைக்கும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

2. எந்தச் சொற்கள் என்று தீர்மானியுங்கள்

நான் வழி தவறியது இங்கேதான். கடையில் விற்கிற தடித்த புத்தகங்களில் இருப்பவை அநேகமாக அரிதான சொற்கள். ‘யுபிக்குவிற்றஸ்’ தெரிந்தவர் ‘அஸியூம்’ என்பதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் நிற்பார். நான் நின்றேன்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் ‘நியூ ஜெனரல் சேர்விஸ் லிஸ்ற்’. 2013இல் வெளிவந்தது, ஏறத்தாழ 2,800 சொல். இதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாததை மட்டும் பொறுக்கி எடுங்கள். அடுத்தது அவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அக்கடமிக் வேர்ட் லிஸ்ற்’. 570 சொற்குடும்பம், பத்துத் துணைப்பட்டியல். ஒன்பது பட்டியலில் அறுபது அறுபது, கடைசியில் முப்பது. பாடநூல், ஆய்வறிக்கை போன்ற எழுத்தில் பத்துக்கு ஒரு சொல் இந்தப் பட்டியலில் இருந்து வரும். அறிவியல் நகரில் பொறியியலோ விவசாயமோ படிக்கிற பிள்ளைகளும் வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் முதல் வருடத்தில் தடக்கி விழுவது இந்தச் சொற்களில்தான். பாடத்தின் கலைச்சொல்லை விரிவுரையாளர் விளக்குவார். ‘கொன்ஸ்ரிற்றியூற்’, ‘டிரைவ்’, ‘இன்டிகேற்’ என்பவற்றை ஒருவரும் விளக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கே ‘டிரைவ்’ என்றது வாகனம் ஓட்டுகிற சொல்லை அல்ல, ‘ஒன்றிலிருந்து பெறு’ என்ற பொருள் கொண்டதை. முதலாவது துணைப்பட்டியலில் இருக்கிறது, எழுத்துக்கூட்டைத் தேடுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல், வாரம் ஆறு நாள், ஆக முப்பது. 570ஐ முடிக்கப் பத்தொன்பது வாரம், அதாவது ஐந்து மாதத்துக்குள். ஒரு நாளைக்கு இருபது என்று தொடங்குகிறவர்கள் மூன்றாவது வாரம் விட்டுவிடுவார்கள், நான் இரண்டு தரம் விட்டேன்.

மூன்றாவது பட்டியலை நீங்களே செய்ய வேண்டும். உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள். கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஒன்று, தாதிக்கு வேறு, நீர்ப்பாசனக் கந்தோரில் இருப்பவருக்கு வேறு.

3. அகராதி வாங்குவதில் ஏமாறாதீர்கள்

ஆங்கிலம்–தமிழ் அகராதியை எறியச் சொல்லவில்லை. ஆனால் அது முதல் வாசல் மட்டும். ‘அழிவு’ என்ற ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் ஏழெட்டு ஆங்கிலச் சொல் ஒளிந்து நிற்கும். எதை எங்கே வைப்பது என்பதை அந்த அகராதி சொல்லாது.

உங்களுக்கு வேண்டியது படிப்பவர்களுக்கென்று செய்த அகராதி. ‘ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்’ அல்லது ‘லோங்மன் டிக்‌ஷனரி ஒஃப் கொன்ரெம்பரரி இங்கிலிஷ்’. ஒக்ஸ்போர்ட் ஏறத்தாழ 3,000 எளிய சொல்லுக்குள்ளும் லோங்மன் 2,000 சொல்லுக்குள்ளும் எல்லாவற்றையும் விளக்கிவிடும். இரண்டும் இணையத்தில் இலவசம், உச்சரிப்பும் கேட்கலாம். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் எடுப்பியுங்கள். பத்து வருடம் பழைய பதிப்பாக இருந்தாலும் பாதகமில்லை. அட்டையில் ‘லேர்னர்ஸ்’ என்ற சொல்லோ மேலே சொன்ன லோங்மன் பெயரோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நான் முதல் வாங்குவித்தது ஆங்கிலேயருக்கென்று செய்த அகராதி. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்த்தால் அந்தப் பொருளுக்குள் மூன்று தெரியாத சொல் இருக்கும்.

சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் ‘கிவிக்ஸ்’ என்ற செயலியை இறக்குங்கள். அதற்குள் ‘சிம்பிள் இங்கிலிஷ் விக்கிபீடியா’வை முழுதாக இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு டேற்றா இல்லாமலே வாசிக்கலாம்.

4. சீட்டு எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள்.

நாங்கள் வேலி அடைக்கிறோம், கூரை வேய்கிறோம், கிணறு வெட்டுகிறோம், வயல் விதைக்கிறோம். யாராவது வந்து ‘வேலி வேய்ந்தேன், கிணறு செய்தேன்’ என்று சொன்னால் விளங்கும், ஆனால் ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ரோங்’. மாற்றிப் போட்டால் இலக்கணத்தில் பிழையில்லை, ஆனால் வேலி வேய்ந்த கதைதான். ஒவ்வொரு சொல்லுக்கும் சேர்மானம் உண்டு. சேர்மானத்தோடு சேர்த்துத்தான் சீட்டில் ஏற்ற வேண்டும்.

நான் அவமானப்பட்ட ‘டமேஜ்’ சொல்லையே எடுக்கிறேன். சீட்டின் முன்பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு வசனம், நடுவில் ஓர் இடைவெளி: ‘த ஃப்ளட் கோஸ்ட் எக்ஸ்ரென்சிவ் ______ ரு த குரொப்’. பின்பக்கத்தில்:

முதல் வரி, சொல், எழுத்துக்கூட்டு, எந்த அசையில் அழுத்தம்.
இரண்டாவது வரி, முன்னால் வருகிற வினை: கோஸ், டூ. ‘கிவ் டமேஜ்’ என்று வராது.
மூன்றாவது வரி, கூட வருகிற பெயரடை: மைனர், சிவியர், எக்ஸ்ரென்சிவ்.
நான்காவது வரி, பின்னால் வருகிற இடைச்சொல்: ‘ரு’. ‘டமேஜ் ஒஃப் த குரொப்’ என்று எழுதாதீர்கள்.
கடைசி வரி சிவப்பில், பொறி: பன்மையாக்கி ‘டமேஜஸ்’ என்று எழுதினால் பயிர்ச்சேதம் என்ற பொருள் போய் நீதிமன்றம் கொடுக்கிற நட்டஈடாகிவிடும்.

கடைசி வரியை எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தாம் வகுப்புச் சொல் என்று நான் ஒதுக்கியதைப் பற்றி எனக்குப் பாதி தெரியாமல் இருந்தது. வெள்ளச் சேதம் பற்றி எங்கள் பக்கத்தில் எழுதப்படுகிற எத்தனையோ அறிக்கையில் இந்தப் பன்மையைப் பார்க்கிறேன். ‘எக்குவிப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ இவற்றுக்கும் பன்மை விகுதி சேர்க்கக்கூடாது.

தமிழ்ப் பொருளை எங்கே எழுதுவது என்று கேட்பீர்கள். பின்பக்க மூலையில் பென்சிலால் சின்னதாக. இரண்டு வாரத்தில் அழித்துவிடுங்கள். வசனத்தை அகராதியில் இருந்து அப்படியே கொப்பி பண்ணாமல் உங்கள் வளவு, உங்கள் வேலைத்தளம், உங்கள் ஊர் வருகிற மாதிரி மாற்றுங்கள். சேர்மானத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

ஒரு சீட்டுக்கு நான்கு நிமிடம் பிடிக்கும். ஐந்து சீட்டுக்கு இருபது நிமிடம். அச்சடித்த சீட்டுக் கட்டு வாங்கினால் இந்த நேரம் மிச்சம் என்று சொல்வார்கள். சொல் தலையில் ஏறுவதே அந்த நேரத்தில்தான், மிச்சம் பிடிக்காதீர்கள்.

5. பெட்டி வைத்து மீட்டல்

செபஸ்ரியன் லைட்னர் என்ற ஜேர்மன்காரர் சொல்லிக்கொடுத்த முறை இது. சப்பாத்துப் பெட்டியை ஐந்து அறையாகப் பிரியுங்கள். புதுச் சீட்டு முதல் அறையில். அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்குப் போகும், அதை மூன்று நாளைக்கு ஒருமுறை. மூன்றாம் அறை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவது மாதத்துக்கு. எந்த அறையில் பிழைத்தாலும் சீட்டு முதல் அறைக்குத் திரும்பும். ஐந்தாம் அறையிலும் சரியென்றால் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டி வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் விளையாட்டாக இருக்கும். பிறகு எல்லா அறையில் இருந்தும் வரத் தொடங்க ஒரு நாளைக்கு முப்பது சீட்டுக்கு மேல் சேரும். பதினைந்து நிமிட வேலை. அறுவடை, செத்தவீடு, கலியாணம் என்று நாலு நாள் விட்டால் மலைபோல நிற்கும். அப்போது புதுச் சொல்லை நிறுத்திவிட்டுப் பழையதை முடியுங்கள். விட்ட நாளுக்குச் சேர்த்துப் படிக்கிறேன் என்று இறங்காதீர்கள்.

தொலைபேசியில் செய்ய விரும்புபவர்களுக்கு ‘அன்கி’ என்ற செயலி. கணினியிலும் ஆண்ட்ரொயிட்டிலும் இலவசம், ஐபோனில் காசு. இணையம் இல்லாமல் ஓடும். ஆண்ட்ரொயிட்டில் அதன் பெயர் ‘அன்கிட்ரொயிட்’. பெயரை ஒட்டி வேறு செயலிகள் காசு கேட்டுக்கொண்டு நிற்கின்றன, கவனம். இறக்கியதும் முதல் வேலை, நாளுக்கு இருபது புதுச் சொல் என்று அது தானாக வைத்திருப்பதை ஐந்தாகக் குறையுங்கள். நான் காகிதச் சீட்டுப் பக்கம். மின்சாரம் போனாலும் குப்பி விளக்கில் பார்க்கலாம், சட்டைப் பைக்குள் பத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.

6. விஞ்ஞானப் புத்தகத்துக்குள் இருக்கிற சாவி

தமிழ்மொழி மூலம் படித்தது குறை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சொல்வளத்தில் அது ஒரு சொத்து.

பத்தாம் தரத்தில் ‘ஒளித்தொகுப்பு’ படித்தோம். ஆங்கிலத்தில் அது ‘போட்டோசிந்தசிஸ்’. ‘போட்டோ’ ஒளி, ‘சிந்தசிஸ்’ தொகுப்பு. நீர்ப்பகுப்பு ‘ஹைட்ரொலிசிஸ்’, மின்பகுப்பு ‘எலெக்ட்ரொலிசிஸ்’. அப்படியென்றால் ‘லிசிஸ்’ பகுப்பு. இப்போது ‘அனாலிசிஸ்’ என்ற சொல்லைப் பாருங்கள், அதன் தமிழ் பகுப்பாய்வு. வெப்பமானி ‘தேர்மோமீற்றர்’, பாரமானி ‘பரோமீற்றர்’, மானி என்றால் ‘மீற்றர்’. எங்கள் கலைச்சொல்லாக்கக்காரர்கள் கிரேக்க வேரை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தமிழில் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயப் பிள்ளைக்குத் தன் சொல்லின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சி.ஆர். கொப்பியை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் தமிழ்க் கலைச்சொல், வலப்பக்கம் ஆங்கிலம் எழுதி ஒத்த உறுப்புகளைக் கோட்டால் இணையுங்கள். ஐம்பது சொல் எழுதுவதற்குள் இருபது இருபத்தைந்து வேர் கைக்கு வரும். பிறகு முன்னொட்டுகள்: ‘சப்’ கீழ், ‘இன்ரர்’ இடை, ‘ட்ரான்ஸ்’ கடந்து, ‘பிரீ’ முன், ‘போஸ்ற்’ பின்.

வேரை வைத்து ஊகிக்கலாம், சத்தியம் பண்ணக்கூடாது. ‘இன்’ என்றால் எதிர்மறை என்று நம்பினால் ‘இன்வலியுவபிள்’ பெறுமதியற்றது என்று நினைப்பீர்கள். அது விலைமதிக்க முடியாதது. ‘இன்ஃப்ளமபிள்’ என்று எழுதிய கலனுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டாதீர்கள், அது எளிதில் தீப்பற்றும் என்பதுதான்.

7. வாசிப்பு

பட்டியல் அத்திவாரம் மட்டும். சொல் தன் சேர்மானத்தோடு உலாவுவதைப் பார்க்க வாசிக்க வேண்டும். என்ன வாசிப்பது என்பதற்கு ஒரு கணக்கு: ஏறத்தாழ 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஆறுக்குள் இருந்தால் புத்தகம் உங்களுக்கு அளவு. பதினைந்தைத் தாண்டினால் மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு அதிகம் உதவியது ஒரே விடயத்தை இரண்டு மொழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பத்தாம் பதினோராம் தர விஞ்ஞானப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இருக்கிறது. விடயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்லை மட்டும் பார்க்கலாம். மத்திய வங்கியின் அறிக்கைகள், வர்த்தமானி அறிவித்தல்கள், சட்டங்கள் எல்லாம் மும்மொழியில் வெளிவருகின்றன.

மாரி தொடங்கினால் தினமும் வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலை ஆங்கிலத்தில் வாசியுங்கள். ஐந்தாறு வசனம்தான். மழைக்கு ‘ஹெவி ஷவர்ஸ்’, காற்றுக்கு ‘ஸ்ரோங் விண்ட்ஸ்’, முன்னெச்சரிக்கைக்கு ‘ரேக் அடிக்குவற் பிரிகோஷன்ஸ்’. ஒரே சேர்மானம் ஒரு மாரிக்குள் ஐம்பது தரம் கண்ணில் படும். எப்படியும் வயலுக்காக மழை பார்க்கிறீர்கள்தானே.

நூலகத்தில் அங்கத்தவராவதற்கு என்னிடம் பிரதேச சபையில் கேட்டவை: தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, பிணைகாரர் கையொப்பமிட்ட படிவம், சிறிய வைப்புப் பணம். என் பிணைகாரர் பக்கத்துப் பிரதேச சபை எல்லைக்குள் இருந்ததால் படிவம் திரும்பி வந்தது, ஒரு வாரம் வீண். யாரைப் பிணைக்குப் போடலாம் என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கள். கிராம அலுவலரை அவர் கந்தோரில் இருக்கிற நாளில் பிடியுங்கள்.

8. வாயில் வர வேண்டும்

கண்ணால் மட்டும் படித்த சொல் நேர்முகத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பற்றுச்சீட்டைக் குறிக்கும் சொல்லில் ‘பி’ எழுத்து உண்டு, வாயில் வராது, ‘றிசீற்’ மட்டும். கடனுக்குரிய சொல் ‘டெற்’, நுட்பமானது ‘சற்ல்’, இரண்டிலும் இருக்கிற மற்றப் ‘பி’, ஏ, பி, சி வரிசையில் இரண்டாவதாக வருகிறது, அதுவும் ஊமை. என் ‘அனையலேற்’ சொல்லில்கூட ஒரு ‘எச்’ ஊமையாக நிற்கிறது, அதையும் நான் அழுத்தி உச்சரித்துக்கொண்டுதான் திரிந்தேன்.

அழுத்தம் இன்னொரு பிரச்சினை. தமிழில் நாங்கள் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வோம். ‘போட்டோகிராஃப்’ சொல்லில் அழுத்தம் முதல் அசையில், ‘ஃபொடொகிரஃபர்’ ஆனால் இரண்டாவதில், ‘போட்டோகிராஃபிக்’ ஆனால் மூன்றாவதில். குடும்பத்தைப் படிக்கும்போது ஒவ்வொருவரின் அழுத்தத்தையும் சீட்டில் புள்ளி வைத்துக் காட்டுங்கள். பி.பி.சி.யின் ‘சிக்ஸ் மினிற் இங்கிலிஷ்’ நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு நிமிடத்தை இறக்கி, ஒரு தரம் கேட்டு, ஒரு தரம் பார்த்து வாசித்து, மூன்றாம் தரம் கூடவே சொல்லுங்கள். ஆட்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் சைக்கிள் ஓடும்போது சொல்லுங்கள். நான் மாங்குளம் றோட்டில் அப்படித்தான் சொல்லிப் பழகினேன், ஒரு நாளும் யாரும் மறிக்கவில்லை.

எங்கள் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களிலும் பொறி உண்டு. ‘கரன்ட் போச்சு’ என்பது எங்கள் ஆங்கிலம், வெளியார் ‘பவர் கட்’ என்பார்கள். ‘ஹோட்டல்’ எங்களுக்குச் சாப்பாட்டுக் கடை, அவர்களுக்குத் தங்குமிடம். பல்கலைக்கழகத்தில் ‘பாஸ்ட் அவுட்’ என்று எழுதினால் மயங்கி விழுந்தேன் என்று விளங்குவார்கள், ‘கிரஜுவேற்றட்’ என்று எழுதுங்கள். குளத்தை இலங்கை ஆங்கிலத்தில் ‘ராங்க்’ என்போம். வெளிநாட்டு நன்கொடையாளருக்கு எழுதும்போது ‘ரெசர்வொயர்’ என்று போடுங்கள். வன்னியில் இருந்து போகிற கடிதத்தில் ‘ராங்க்’ என்று பார்த்தால் அவர்கள் நினைப்பது வேறொன்றாக இருக்கும். இலட்சம், கோடி கணக்கும் அவர்களுக்குப் பிடிபடாது.

9. வாரத்துக்கு ஒரு பந்தி எழுதுங்கள்

அந்த வாரத்து முப்பது சொல்லில் ஆறை மட்டும் எடுத்து 150 சொல்லில் ஒரு பந்தி. கூடப் போட்டால் பந்தி சந்தைக் கடைபோல ஆகிவிடும். எழுதியதைத் திருத்த ஆள் வேண்டும். பாடசாலை ஆங்கில ரீச்சர், பல்கலைக்கழகத்தில் படிக்கிற அக்கா, யாரென்றாலும் சரி. எல்லாவற்றையும் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால் ஓடிவிடுவார்கள். ஆறு சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்து, ‘இது இந்த இடத்தில் சரியோ?’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டு நிமிட வேலைக்கு யாரும் மறுப்பதில்லை.

10. பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கிற ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உரிய புள்ளியில் நான்கில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு. ஏழாம் மட்டத்துக்கு அவர்கள் வெளியிட்டிருக்கிற அளவுகோலில் சொற்சேர்மானம் பற்றிய உணர்வு வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே நான்காம் படியில் செய்த வேலைக்கு இங்கே நேரடியாகப் புள்ளி.

காலக் கணக்கு: பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். விண்ணப்பிக்கப் போகிற ஆண்டு தெரியாமல் பரீட்சை எழுதிக் காசைக் கரைக்காதீர்கள். 570 குடும்பத்தில் குறைந்தது 400 ஐந்தாம் அறையைத் தாண்டிய பிறகு திகதி போடுங்கள். கட்டணத்தோடு போக்குவரத்தும், முதல்நாள் போய்த் தங்குவதென்றால் அந்தச் செலவும் சேரும்.

ஆவணம்: பதிவுக்குக் கொடுத்த அதே அடையாள ஆவணம், அதாவது கடவுச்சீட்டு, பரீட்சை நாளிலும் கையில் இருக்க வேண்டும். பிரதி செல்லாது. கடவுச்சீட்டு இல்லாதவர்கள் முதலில் அதைப் பாருங்கள். வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, பத்தரமுல்லைக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் பெயர்களில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி, இடைவெளிகூட மாறாமல் எழுதுங்கள். மற்ற ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதும் அந்த எழுத்துக்கூட்டையே காட்டுங்கள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் புதுச் சொல் சேர்க்க வேண்டாம், முதல் அறையில் கிடப்பதை மட்டும் பாருங்கள். கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸில் வவுனியா தாண்டியதும் லைற்றை நூர்த்துவிடுவார்கள், போகிற வழியில் சீட்டுப் பார்க்கலாம் என்று நம்பி ஏறாதீர்கள்.